மனநல இல்லத்தில் முன்னேற்றத்தையும் மனநிறைவையும் அளப்பது எப்படி? சிங்கப்பூர் இல்லங்களுக்கான முழு வழிகாட்டி

தாதி கையில் தாளோடு நின்று, "இங்கே உங்களுக்குத் திருப்திதானே அங்கிள்?" என்று கேட்டால் அந்த அங்கிள் என்ன சொல்வார்? சாப்பாடு, மருந்து, வார இறுதியில் வீட்டுக்குப் போக அனுமதி எல்லாமே அவர்கள் கையில் இருக்கிறது. "ஒன்னும் குறை இல்ல மிஸ்ஸி" என்பார். தாள் நிரம்பிவிடும், ஆண்டறிக்கையில் ஒரு பெரிய எண் ஏறும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் மாற்ற முடியாது.

மனநல மறுவாழ்வு இல்லங்களிலும் தங்கும் சிகிச்சை மையங்களிலும் வேலை செய்பவர்கள், அங்கே போய்வரும் தொண்டூழியர்கள், நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புவாங்கோக் கிரீனில் இருக்கும் மனநலக் கழகம் போன்ற பெரிய இடத்தில் ஆய்வுக்கென்றே ஆட்கள் உண்டு. இருபது, முப்பது பேர் தங்கும் இல்லத்தில் அப்படி யாரும் இல்லை. இருக்கிற இரண்டு மூன்று ஊழியர்களே கேட்டு, எழுதி, கூட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒரு சாதாரண விரிதாளில் செய்யக்கூடியவைதான்.

படி 1: எதை அளக்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. ஒன்று, நோயின் அறிகுறிகள் குறைந்தனவா? இரண்டு, அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்ளும் திறன் கூடியதா? மூன்று, இங்கே தங்கியிருந்த அனுபவம் அவருக்கு எப்படி இருந்தது?

இவை சேர்ந்தே ஏறி இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காதில் கேட்கும் குரல்கள் அடங்கியும் காலையில் எழுந்து குளிக்க முடியாமல் இருப்பவர் உண்டு. குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தாலும் வேலைக்குப் போய்வருபவரும் உண்டு. குடியிலிருந்து மீள வந்தவருக்கு முதல் மாதம் வெளியே போக அனுமதி கிடைக்காது. அவர் கோபமாகத்தான் இருப்பார், ஆனால் உடல்நிலை தேறியிருக்கும். அதிருப்தி என்பதாலேயே சிகிச்சை தோற்றது என்றோ, திருப்தி என்பதாலேயே வென்றது என்றோ சொல்ல முடியாது. மூன்றுக்கும் விரிதாளில் மூன்று தனி நெடுவரிசைகள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் ஆசை மேலிடத்தில் அடிக்கடி வரும். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

படி 2: கருவிகள் குறைவாக இருக்கட்டும்

புதிதாக ஒரு வினாத்தாளை உட்கார்ந்து எழுதத் தோன்றும். அறிகுறிகளுக்கும் செயல்திறனுக்கும் அது தேவையில்லை. உலகெங்கும் சோதித்துப் பார்த்த தாள்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

மனச்சோர்வுக்கு பிஎச்கியூ-9. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். 5, 10, 15, 20 ஆகிய இடங்களில் இலேசான நிலையிலிருந்து கடுமையான நிலைக்குக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். கட்டணம் கிடையாது, தனி அனுமதியும் வேண்டாம், தமிழ் வடிவமும் உண்டு. பதற்றத்துக்கு ஜிஏடி-7, ஏழு கேள்விகள், மொத்தம் 21. மதுப்பழக்கத்துக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட், பத்துக் கேள்விகள், மொத்தம் 40.

மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் பான்ஸ் அளவை வழக்கமாகப் பயன்படுத்துவார்கள். அதில் 30 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. பயிற்சி பெற்றவர் நேர்காணல் செய்து போட வேண்டியது, எல்லாரும் போடக்கூடியதல்ல. இதில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. மிகக் குறைந்த மதிப்பெண்ணே 30 என்பதால், 90-லிருந்து 72-க்கு இறங்கினால் அது 20 விழுக்காட்டுக் குறைவு அல்ல. முப்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 60-ல் 18, அதாவது 30 விழுக்காடு. அறிக்கைகளைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

எல்லா நோய்க்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் ஹோனாஸ். பிரிட்டனில் உருவானது, 12 அம்சங்கள், 0 முதல் 4 வரை, ஊழியர் போடுவது. செயல்திறனுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0. அதில் 36 கேள்விகள் உள்ள நீள வடிவமும் 12 கேள்விகள் உள்ள குறு வடிவமும் உண்டு, கடந்த 30 நாளைக் கேட்கும். சின்ன இல்லத்துக்குக் குறு வடிவம் போதும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது டபிள்யூஎச்ஓ-5. ஐந்தே வாக்கியங்கள், நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உற்சாகமாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, தூங்கி எழுந்தபோது தெம்பாக இருந்ததா என்றெல்லாம் கேட்கும். 25-க்குப் போட்டு நான்கால் பெருக்கினால் 100-க்கு வந்துவிடும். தாளை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள்கூட இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

சரி, இத்தனையையும் ஒரே ஆளிடம் கேட்பதா? வேண்டாம். அவருடைய நோய்க்கு ஏற்ற அறிகுறித் தாள் ஒன்று, செயல்திறனுக்கு ஒன்று, நலத்துக்கு டபிள்யூஎச்ஓ-5. மூன்றும் சேர்ந்து இருபது நிமிடத்தைத் தாண்டினால் ஒன்றைக் குறையுங்கள்.

இவற்றோடு, ஆளுக்கு ஏற்ற இலக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிரேசுக், ஷெர்மன் என்ற இருவர் 1968-ல் எழுதிய முறை இது. −2 முதல் +2 வரை ஐந்து படிகள். எதிர்பார்ப்பது 0. ஹவ்காங்கில் உள்ள ஓர் இல்லத்தில் இருப்பவர் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குப் போய்வர ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இல்ல வாசலைத் தாண்ட மறுப்பது −2. ஊழியரோடு எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடப்பது −1. ஊழியர் உடன் வர, வடகிழக்குப் பாதையில் லிட்டில் இந்தியா வரை போய், காய்கறியைத் தானே பேரம் பேசி வாங்கி வருவது 0. தனியே போய்வந்தால் +1. வாரம் ஒருமுறை அதுவே பழக்கமாகி, கைச்செலவுக் கணக்கையும் தானே பார்த்துக்கொண்டால் +2. இந்தப் படிகளை அவரோடு உட்கார்ந்து எழுத வேண்டும். வந்த முதல் மாதத்திலேயே எழுதிவிடுங்கள். நடந்து முடிந்த பிறகு எழுதினால் எல்லாரும் வென்றவர்களாகத் தெரிவார்கள்.

படி 3: எப்போது கேட்பது

வந்த அன்றே வேண்டாம். கலக்கத்தில் இருப்பார், மருந்து மாறியிருக்கும், கேள்வியே காதில் ஏறாது. 2008-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி விருப்பமின்றி மருத்துவமனையில் சேர்க்கப்படுபவரை முதல் கட்டமாக 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அப்படிச் சேர்க்கப்பட்டவரிடம் அந்த மூன்று நாளில் "சேவை எப்படி?" என்று கேட்பது அநியாயம். சற்றுத் தெளிந்த பிறகு, முதல் வாரத்துக்குள் அறிகுறித் தாள். அனுபவம் பற்றிய கேள்விகள் குறைந்தது ஒரு மாதம் கழித்து.

அப்புறம் மாதம் ஒருமுறை. தாள் இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும்போது, அதை வாரந்தோறும் போட்டால் அதே நாட்களைத்தான் திரும்பத் திரும்ப எண்ணுவீர்கள். கிளம்பும்போது ஒன்று, கிளம்பிய பிறகு 1, 3, 6 மாதங்களில் ஒவ்வொன்று.

கிளம்புகிற வாரத்து மதிப்பெண்ணை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். சேரும்போது உதவி கிடைக்க வேண்டுமே என்று சிரமத்தைக் கூட்டிச் சொல்வதும், போகும்போது நன்றிக்காகக் குறைத்துச் சொல்வதும் மனித இயல்பு. தீபாவளிக்கு வீட்டுக்குப் போய்வரும் வாரத்தையும் தவிர்ப்பது நல்லது. சிலருக்கு அந்த வாரம் உச்சம், சிலருக்கு வீட்டில் நடந்த சண்டையால் பாதாளம்.

படி 4: யார் கேட்பது, எந்த மொழியில்

மேலே சொன்னவற்றையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, இந்தப் படியில் கோட்டைவிடும் இல்லங்கள்தான் அதிகம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. முப்பது பேர் உள்ள இல்லத்தில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களுக்காகத் தனி ஏற்பாடா என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒருவரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிய 14 என்ற மதிப்பெண்ணை வைத்து மருத்துவர் மருந்தைக் கூட்டலாம். இப்படிப் பதில் சொன்னால் அவர்களே விளங்கிக்கொள்வார்கள்.

ஆனால் "தமிழர் என்றால் தமிழ் ஊழியர் கேட்கட்டும்" என்று முடிவு கட்டுவதும் தவறாகப் போகலாம். இங்கே தமிழ்ச் சமூகம் சின்னது. கோவிலிலோ கல்யாணத்திலோ யாருக்காவது யாரையாவது தெரிந்திருக்கும். இல்லத்தில் இருப்பவர், தம் அக்காவின் சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்த ஊழியரிடம் தூக்கம் வரவில்லை என்று சொல்வார், மற்றது எதையும் சொல்லமாட்டார். அதையே முன்பின் தெரியாத சீன ஊழியரிடம் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். ஆகவே முடிவை அவரிடமே விடுங்கள். தமிழிலா ஆங்கிலத்திலா, ஆணா பெண்ணா, தாளில் எழுதுகிறாரா வாயால் சொல்கிறாரா என்று முதலிலேயே கேட்டு, கோப்பில் குறித்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வழியில் கேளுங்கள். ஒரு மாதம் தாளிலும் மறு மாதம் நேரிலும் கேட்டால் வித்தியாசம் அவரால் வந்ததா, வழியால் வந்ததா என்று தெரியாது.

குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மகன் தற்கொலை எண்ணத்தைப் பற்றிப் பேசமாட்டான். பேசினாலும், "அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்றுதான் மொழிபெயர்ப்பு வரும்.

தமிழ் வடிவத் தாள்களில் சில சொற்கள் பாடப்புத்தகத் தமிழாக இருக்கும். எழுதியிருப்பதை அப்படியே வாசியுங்கள். புரியவில்லை என்றால் இரண்டாவது தடவையும் வாசியுங்கள். உங்கள் பாணியில் விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஆளுக்கு ஆள் கேள்வி மாறிவிடும். விளக்கம் தேவைப்படும் சொற்களுக்கு எல்லா ஊழியரும் ஒரே விளக்கத்தைச் சொல்லும்படி ஒரு சின்னப் பட்டியல் எழுதி ஒட்டிவைக்கலாம்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தொழிலாளர்கள் தனி விஷயம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே மருத்துவமனையில் சேரும் ஒருவருக்கு, எழுதுகிற ஒவ்வொரு தாளும் முதலாளி கைக்குப் போகும் என்ற பயம் இருக்கும். தாளை யார் பார்ப்பார்கள், யார் பார்க்கமாட்டார்கள் என்பதைக் கேள்விக்கு முன்பே, அவர் மொழியில், தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்கிறபடி நடக்க முடியாது என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, இதில் தாமதம் கூடாது. பிஎச்கியூ-9-ன் ஒன்பதாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம், சாவே மேல் என்ற எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், தாளை வாங்கியவர் அந்த இடத்திலேயே பார்த்து, அன்றைக்கே பொறுப்பான தாதியிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் கணினியில் ஏற்றும்போது கண்டுபிடிப்பது பயனில்லை. இதைச் செய்ய ஆள் இல்லாத நாளில் தாளைக் கொடுக்காதீர்கள். வீட்டுக்குப் போனவரிடம் தொலைபேசியில் கேட்கிறீர்கள் என்றால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 24 மணி நேர எண் 1767 பக்கத்தில் இருக்கட்டும். உடனடி ஆபத்து என்றால் 995.

படி 5: மனநிறைவுக் கேள்விகளை எழுதுவது

இதற்கும் ஆயத்தத் தாள்கள் உண்டு. சிஎஸ்கியூ-8 பரவலாகப் பயன்படுகிறது, எட்டுக் கேள்விகள், 8 முதல் 32 வரை மதிப்பெண். உரிமை பெற்று, கட்டணம் கட்டித்தான் பயன்படுத்த வேண்டும். அதில் மறுபடி உதவி தேவைப்பட்டால் எங்களிடமே வருவீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். வெளிநோயாளிக்கு அது பொருந்தும். இரண்டு ஆண்டு இல்லத்தில் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர் "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

அதனால் தங்கும் இல்லங்களுக்கு, நடந்ததைக் கேட்கும் கேள்விகளை நீங்களே எழுதிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. "ஊழியரின் மரியாதை திருப்தியா?" என்றால் எல்லாரும் ஆம் என்பார்கள். "கடந்த வாரம் அறைக்குள் வருமுன் கதவைத் தட்டினார்களா?" என்றால் நினைத்துப் பார்த்துச் சொல்வார்கள். இந்த வழியில் சில கேள்விகள்: புது மருந்து தொடங்கியபோது அதன் பக்கவிளைவுகளை யாராவது விளக்கினார்களா? உங்கள் சிகிச்சைத் திட்டத்தைப் பேசிய கடைசிக் கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா? நீங்கள் சொன்ன ஏதாவது அதில் சேர்ந்ததா? இரவில் சத்தத்தால் எத்தனை நாள் தூக்கம் கெட்டது? பிறர் யாரையாவது கண்டு பயந்தீர்களா? ஒரு குறையைச் சொல்ல வேண்டுமானால் யாரிடம் போவது என்று தெரியுமா?

சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். அறிக்கை படிக்கும் மேலாளர்களுக்கு அது அற்பமாகத் தோன்றும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் இருப்பவருக்கு அதைச் சுற்றித்தான் நாளே நகர்கிறது. வெள்ளிக்கிழமை சைவம் கேட்டால் கிடைத்ததா, மாட்டிறைச்சி இல்லாத தட்டு தனியாக வந்ததா, சாமி கும்பிட ஓர் இடம் இருந்ததா, இவற்றையெல்லாம் கேளுங்கள். இங்கே தொடங்கிப் பேசுபவர்கள்தான் போகப்போக மற்றதையும் சொல்வார்கள்.

கடைசியில் இரண்டு திறந்த கேள்விகள் போதும். "ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" "எது மாறக் கூடாது?" பதிலைத் திருத்தாமல், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

இந்த மனநிறைவுக் கேள்விகளை மட்டும், அன்றாடம் கவனித்துக்கொள்ளும் ஊழியர் கேட்கக் கூடாது. பயிற்சி பெற்ற தொண்டூழியர், வேறு இல்லத்து ஊழியர், அல்லது ஏற்கெனவே இந்த வழியைக் கடந்து மீண்ட ஒருவர் கேட்டால் பதிலின் தரமே மாறும். மீண்டவர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுப்பது சிங்கப்பூர் மனநலச் சேவைகளில் இப்போது வழக்கத்துக்கு வந்துவிட்டது. அவர்களிடம் கொடுக்க இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

குடும்பத்தாரிடமும் கேளுங்கள், ஆனால் தனித் தாளில். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டுமே அழிந்துவிடும். மகன் பத்திரமாக ஓரிடத்தில் இருக்கிறான், இரவில் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்பது பெற்றோரின் திருப்தி. கதவு பூட்டியிருக்கிறது என்பது மகனின் அதிருப்தி. இரண்டும் ஒரே பூட்டைப் பற்றியவைதான். பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் என்ற 22 கேள்வித் தாள் உண்டு. மதிப்பெண் உயர்ந்திருந்தால், கேர்கிவர்ஸ் அலையன்ஸ் போன்ற அமைப்பு நடத்தும் பராமரிப்பாளர் பயிற்சிக்கு வழி சொல்லிவிடலாம்.

படி 6: எண்களைப் படிப்பது

ஒருவரின் பிஎச்கியூ-9 சேர்ந்தபோது 18, மூன்று மாதத்தில் 11 என்று வைத்துக்கொள்வோம். ஏழு புள்ளி குறைந்திருக்கிறது. ஐந்து புள்ளி குறைந்தாலே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பது பொதுவான கணக்கு. ஆக முன்னேற்றம் உண்மை. ஆனால் பாதியாகக் குறைந்தால்தான் சிகிச்சை பலன் தந்தது என்பார்கள், 9-ஐத் தொடவில்லை. ஐந்துக்குக் கீழே வந்தால்தான் நோய் தணிந்தது என்பார்கள், அதற்கு இன்னும் வெகுதூரம். மூன்று வாக்கியமும் அறிக்கையில் வர வேண்டும். முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது எல்லா இடத்திலும் நடக்கிறது.

ஒவ்வொரு தாளுக்கும் இப்படி ஆயத்தக் கோடு கிடைக்காது. அப்போது ஜேக்கப்சன், ட்ருவாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-ல் கொடுத்த கணக்கைப் போடலாம். தாளின் நம்பகத்தன்மை எண்ணை (திரும்பக் கேட்டாலும் எவ்வளவு ஒத்த பதில் வரும் என்று காட்டும், 0 முதல் 1 வரையிலான எண்) 1-லிருந்து கழித்து வர்க்கமூலம் எடுங்கள், அதைத் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பெருக்குங்கள், பிறகு 1.41-ஆலும் 1.96-ஆலும் பெருக்குங்கள். திட்ட விலக்கம் 5, நம்பகத்தன்மை 0.84 என்றால், 0.16-ன் வர்க்கமூலம் 0.4, ஐந்தால் பெருக்க 2, கடைசியில் ஏறத்தாழ 5.5. ஆக, ஆறு புள்ளியோ அதற்கு மேலோ மாறினால்தான் அது தாளின் தடுமாற்றம் அல்ல என்று சொல்லலாம். விரிதாளில் ஒரு முறை எழுதிவிட்டால் போதும்.

அதற்குப் பிறகும் ஓர் எச்சரிக்கை. ஆட்கள் மிக மோசமான கட்டத்தில்தான் சேர்கிறார்கள். நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்த உச்சத்திலிருந்து கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சேர்ந்த நாளுக்கும் முதல் மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முழுக்க இல்லத்தின் வெற்றியாக எழுதாதீர்கள். முதல் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் உங்கள் உழைப்பு தெளிவாகத் தெரியும்.

சம்பவங்களை வெறும் எண்ணிக்கையாகச் சொல்லவும் கூடாது. கீழே விழுதல், அடிதடி, கட்டுப்படுத்தி வைத்தல் போன்றவற்றை ஆயிரம் தங்கும் நாளுக்கு இத்தனை என்று கணக்கிடுங்கள். இருபது பேர் முப்பது நாள் என்றால் 600 நாள். அதில் மூன்று சம்பவம் என்றால் ஆயிரத்துக்கு 5. அடுத்த மாதம் பன்னிரண்டு பேரே இருந்தாலும் ஒப்பிடலாம். பிற இல்லங்களோடு மட்டும் ஒப்பிட வேண்டாம். சேர்த்துக்கொள்ளும் ஆட்களே வேறு.

படி 7: போனவர்களைத் தேடுவது

இங்கே நேரத்தைச் செலவிடுங்கள். மற்றப் படிகளில் எங்காவது குறைத்துக்கொள்ளலாம்.

ஆண்டில் நாற்பது பேர் கிளம்பினார்கள். ஆறு மாதம் கழித்து அழைத்ததில் 24 பேர் கிடைத்தார்கள், அதில் 18 பேர் நன்றாக இருக்கிறார்கள். "நான்கில் மூவர் நலம், 75 விழுக்காடு" என்று அறிக்கை தயாராகிவிடும். கிடைக்காத 16 பேர்? அவர்கள் எல்லாரும் மறுபடி விழுந்துவிட்டார்கள் என்றால் 40-ல் 18, அதாவது 45 விழுக்காடு. எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றால் 40-ல் 34, அதாவது 85. உண்மை 45-க்கும் 85-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். நன்கொடையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கிடைக்காதவர்கள் யார் என்றும் பாருங்கள். அவர்கள் சேர்ந்தபோதும் கிளம்பியபோதும் எடுத்த மதிப்பெண் கையில் இருக்கிறதே. அவை மற்றவர்களைவிட மோசமாக இருந்திருந்தால், கீழ் எண்ணுக்கு அருகில்தான் உண்மை இருக்கும். சிகிச்சை முடியுமுன் கையெழுத்துப் போட்டுக் கிளம்பியவர்களையும் நாற்பதில் சேர்க்க வேண்டும். அவர்களை நீக்கிவிட்டு "சிகிச்சையை முடித்தவர்களில்" என்று தொடங்கும் எந்த விழுக்காட்டையும் நான் நம்புவதில்லை.

ஏன் கிடைக்கமாட்டார்கள்? கைப்பேசி எண் மாறியிருக்கும், அது ஒரு காரணம். பெரிய காரணம், அந்த அழைப்பே வேண்டாம் என்பது. மனநலக் கழகம் 1993-ல் புவாங்கோக்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் வாயில் இன்னும் அதன் பழைய பெயரான "வுட்பிரிட்ஜ்" என்றே வருகிறது, அதுவும் குரலைத் தாழ்த்தி. "மனநல இல்லத்திலிருந்து பேசுகிறோம்" என்று வீட்டு எண்ணில் சொன்னால், எடுத்த மருமகளுக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம். ஓர் அழைப்பில் ஒருவரின் குடும்ப வாழ்க்கை கலைந்துவிடும்.

இதைக் கிளம்புமுன்பே பேசி முடிக்க வேண்டும். எந்த எண்ணில் அழைப்பது? எந்த நேரம்? நாங்கள் யார் என்று சொல்லிக்கொள்வது? வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது? குறுஞ்செய்தி போதுமா? அழைப்பே வேண்டாம் என்றால் வெளிநோயாளிச் சந்திப்பு நாளில் நேரில் பார்த்துக்கொள்ளலாமா? எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பவர் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஊழியராக இருந்தால் எடுப்பார்கள். இங்கே படி 5-க்கு நேர்மாறாகச் செய்கிறோம்: ஆளைக் கண்டுபிடிக்க அவருக்குப் பழக்கமானவர், மனநிறைவைக் கேட்க அவருக்குப் பழக்கமில்லாதவர். முடிந்தால் ஒருவர் பேசித் தொடர்பைப் பிடித்து, இன்னொருவரிடம் கொடுக்கட்டும்.

நலம் என்பதற்கு மூன்று எளிய கேள்வி: மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தாரா? எங்கே, யாரோடு தங்கியிருக்கிறார்? வாரத்தில் எத்தனை நாள் வேலையோ படிப்போ வேறு ஈடுபாடோ இருக்கிறது? நேரமிருந்தால் டபிள்யூஎச்ஓ-5.

படி 8: தகவலைக் காப்பது

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றிச் சேகரிப்பதற்கு 2019 செப்டம்பர் முதல் கட்டுப்பாடு இருக்கிறது. வினாத்தாளில் அது எதற்கு? இல்லத்துக்குள் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, எது யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டிவையுங்கள்.

சின்ன இல்லங்களில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. "தமிழ் பேசுவோரின் சராசரித் திருப்தி குறைவு" என்று எழுதினால், இருக்கும் இரண்டு தமிழர் யார் என்று சமையல்காரர் வரை தெரியும். ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டாதீர்கள். அவர்கள் சொன்ன குறையைத் தீர்க்கலாம், யார் சொன்னது என்று தெரியாமல்.

படி 9: கூட்டத்தில் வைப்பது

அறிகுறி, செயல்திறன் மதிப்பெண்கள் முதலில் போக வேண்டியது அந்த நபரிடம். அவருடைய கோடு எப்படி ஏறி இறங்கியது என்று ஒரு தாளில் வரைந்து காட்டி, "இங்கே ஏன் இறங்கியது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மருந்து மாறியதையோ, அண்ணன் பார்க்க வராமல் போனதையோ, அறைத்தோழர் மாறியதையோ அவர்தான் சொல்வார். அதற்கு மேல் எந்தப் புள்ளியியலும் தேவைப்படாது.

மனநிறைவுப் பதில்களை மாதக் கூட்டத்தில் எடுத்து, ஒரு மாதத்துக்கு ஒரு குறை என்று பிடித்துக்கொள்ளுங்கள். தீர்த்ததும் பொதுக்கூடத்துப் பலகையில் நான்கு அதிகாரத்துவ மொழியிலும் எழுதுங்கள்: இரவில் சத்தம் என்றீர்கள், தள்ளுவண்டிச் சக்கரத்தை மாற்றிவிட்டோம். தீர்க்க முடியாததையும், ஏன் முடியவில்லை என்ற காரணத்தோடு அதே பலகையில் எழுதலாம். இரண்டு மூன்று முறை அப்படிப் பார்த்த பிறகுதான் "ஒன்னும் குறை இல்ல" என்பவர் வேறு பதில் சொல்லத் தொடங்குவார். அப்போது திருப்தி மதிப்பெண் குறையும். நிர்வாகக் குழுவை அதற்கு முன்கூட்டியே தயார்ப்படுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சரிவைப் பார்த்துக் கேட்பதையே நிறுத்தச் சொல்வார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கேள்விகளையும் மேசையில் பரப்பி, எந்தப் பதில் எந்த முடிவை மாற்றியது என்று பாருங்கள். ஒரு முடிவையும் மாற்றாத கேள்வியை எடுத்துவிட்டு, அந்த இரண்டு நிமிடத்தை ஏழாம் படிக்குக் கொடுங்கள்.